கரும்புக்கு முப்பது தண்ணீர்: நெல்லைச் சீமையிலிருந்து ஓர் எத்தனால் கணக்கு

சிவகிரிப் பக்கம் என் தாய்மாமாவுக்கு ஒரு ஏக்கர் கரும்பு உண்டு. மேற்கே மலை கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும். ஆனாலும் அந்த வயலுக்கு மலைத் தண்ணீர் வருவதில்லை, கிணற்றுத் தண்ணீர்தான். பழைய கிணறு கோடையில் வற்ற ஆரம்பித்ததும், கிணற்றின் அடியிலேயே போர் போட்டு, ஏழரைக் குதிரைசக்தி மோட்டாரை இறக்கினார். போன சித்திரையில் அங்கே போயிருந்தபோது, மோட்டார் ரூம் நிழலில் உட்கார்ந்துகொண்டு, "ஒரு ஏக்கர் கரும்புக்கு எத்தனை தண்ணி மாமா?" என்று கேட்டேன். எங்கள் ஊர்களில் பாசனத்தை லிட்டரில் எண்ணும் வழக்கம் இல்லை. நட்ட தண்ணீர், உயிர்த்தண்ணீர், மூன்றாம் தண்ணீர் என்று தண்ணீரில்தான் எண்ணுவார்கள்.

"மழை நல்லாப் பேஞ்சா இருவத்தஞ்சு. இல்லாட்டி முப்பது. ஒண்ணு கொறைஞ்சாலும் கணு குட்டையாப் போயிரும் மருமவனே."

"ஒரு தண்ணிக்கு மோட்டார் எவ்வளவு நேரம் ஓடணும்?"

"ஏக்கர் பூரா நனையணும்னா பதினஞ்சு மணி நேரம். மூணு பேஸ் கரண்டு பிச்சுப் பிச்சுல்லா வருது, ரெண்டு நாளா ஓட்டணும்."

மீட்டர் இருக்கிறதா என்று கேட்டதற்கு, "கரண்டு இலவசம்லா, மீட்டர் எதுக்கு?" என்றார்.

அந்த ஏக்கர் கரும்பு சர்க்கரையாகப் போகிறதா, எரிபொருளாகப் போகிறதா என்பது மாமாவுக்கு ஒரு பொருட்டில்லை. ஆலை எடை போட்டுப் பணம் தந்தால் சரி. ஆனால் இன்று பெட்ரோல் பங்கில் நாம் போடும் பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் என்ற எரிசாராயம். 2018இன் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை இந்த 20 சதவீதக் கலப்புக்கு 2030 வரை அவகாசம் வைத்திருந்தது. 2022இல் கொள்கையைத் திருத்தி, அந்த இலக்கை 2025-26க்கே முன்கொண்டுவந்தார்கள். 10 சதவீதம் 2022 ஜூனிலேயே எட்டப்பட்டது, 20 சதவீதம் 2025இல் வந்துவிட்டது. இறக்குமதி எண்ணெய் குறையும், விவசாயிக்குப் பணம் வரும், புகை குறையும் என்ற மூன்று காரணங்களுக்காக இந்த வேகம். மூன்றாவது காரணத்தை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். கரும்பு எரிபொருள் உண்மையிலேயே சுற்றுச்சூழலுக்கு நல்லதா? அதையும் பொதுவாகக் கேட்காமல், மாமாவின் அந்த ஒரு ஏக்கரை வைத்தே கேட்டுப் பார்க்கலாம்.

முதலில் நல்ல பக்கம். பெட்ரோலை எரித்தால், கோடிக்கணக்கான வருடம் மண்ணுக்கடியில் கிடந்த கார்பன் புதிதாகக் காற்றுக்கு வருகிறது. எத்தனாலை எரித்தாலும் கார்பன் டை ஆக்சைடு வரத்தான் செய்யும். ஆனால் அது போன வருடம் கரும்பு காற்றிலிருந்து எடுத்துக்கொண்டதுதான், அடுத்த கரும்பு திரும்ப எடுத்துக்கொள்ளும். வெயிலைச் சர்க்கரையாக மாற்றுவதில் கரும்பை மிஞ்சும் பயிர் மிகக் குறைவு. தமிழ்நாட்டில் ஏக்கருக்கு 40 டன் சாதாரணமாக எடுக்கிறார்கள். கோயம்புத்தூர்க் கரும்பு இனப்பெருக்க நிறுவனம் 1912 முதல் இதற்கென்றே உழைத்துவருகிறது. நம் வயல்களில் பெரும்பாலும் நிற்கும் கோ 86032 அங்கிருந்து வந்த ரகம்தான்.

ஒரு டன் கரும்பின் சாற்றை முழுக்கப் புளிக்கவைத்து வடித்தால் சுமார் 70 லிட்டர் எத்தனால் கிடைக்கும். 40 டன்னுக்கு 2,800 லிட்டர். எத்தனாலில் இருக்கும் ஆற்றல் பெட்ரோலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். அதனால் இந்த 2,800 லிட்டர் சுமார் 1,850 லிட்டர் பெட்ரோலின் வேலையைச் செய்யும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு. ஆக, மாமாவின் ஏக்கர் வருடத்துக்கு நாலேகால் டன் புகையைத் தடுக்கிறது. இது வரவு.

இனி செலவு. முப்பது தண்ணீர், தண்ணீருக்குப் பதினைந்து மணி நேரம்: 450 மணி நேரம். ஏழரைக் குதிரைசக்தி என்றால் ஏறக்குறைய 5.6 கிலோவாட். வருடத்துக்கு 2,500 யூனிட் ஆகிவிடுகிறது. நிலக்கரி அதிகம் கலந்த நம் நாட்டு மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று வைத்தால், தண்ணீர் இறைக்க மட்டும் ஒன்றே முக்கால் டன். வரவில் ஐந்தில் இரண்டு பங்கு மோட்டாரிலேயே போய்விட்டது. முப்பது வருடத்துக்கும் மேலாகக் கிடைக்கும் இலவச மின்சாரம் பல குடும்பங்களைக் காப்பாற்றியிருக்கிறது, அதில் எனக்கு இரண்டாம் கருத்து கிடையாது. ஆனால் மீட்டர் இல்லாததால் இந்த 2,500 யூனிட் யார் கணக்கிலும் ஏறுவதில்லை. மாமாவின் கணக்கில் அது பூஜ்யம்.

அடுத்து உரம். கரும்புக்கு ஹெக்டேருக்கு 275 கிலோ தழைச்சத்து என்பது நெடுங்காலமாக நம்மிடம் இருக்கும் பரிந்துரை. ஏக்கருக்கு 110 கிலோ, அதாவது 45 கிலோ யூரியா மூட்டை ஐந்துக்கு மேல். போடும் தழைச்சத்தில் நூற்றில் ஒரு பங்கு நைட்ரஸ் ஆக்சைடாக ஆவியாகிறது என்பது உலகக் காலநிலைக் குழு பயன்படுத்தும் பொதுக் கணக்கு. ஒரு பங்குதானே என்று விட முடியாது. அந்த வாயு கார்பன் டை ஆக்சைடைவிடச் சுமார் 270 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். இந்த ஏக்கருக்கு அது அரை டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். ஓசோன் ஆராய்ச்சிக்காக நோபல் பரிசு பெற்ற பால் க்ருட்சன் 2008இல், உண்மையில் ஆவியாவது 3 முதல் 5 பங்கு வரை இருக்கும் என்று எழுதி பெரிய விவாதத்தைக் கிளப்பினார். அவர் கணக்கைப் பிடித்தால் அரை டன் இரண்டு டன்னைத் தொடும். அதோடு யூரியா செய்யும் ஆலையின் புகை, உழவு டிராக்டர், கரும்பு ஏற்றும் லாரி. நாலேகால் டன்னில் கையில் மிஞ்சுவது ஒன்றரை டன் என்றால்கூட நல்லபடியாகச் சொன்னதாகத்தான் ஆகும்.

இங்கே ஆலைக்காரர்கள் குறுக்கிடுவார்கள், அவர்கள் சொல்வது நியாயம். கரும்பின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகச் சக்கை வரும். ஆலைக்கு வேண்டிய நீராவியும் மின்சாரமும் அந்தச் சக்கையை எரித்தே கிடைத்துவிடுகின்றன. உயர் அழுத்தக் கொதிகலன் வைத்த ஆலைகள் மீதியை மின்வாரியத்துக்கும் விற்கின்றன. சக்கைக்கு வேறு உபயோகமும் உண்டு. புகளூரில் இருக்கும் அரசுக் காகித ஆலை நாற்பது வருடமாகச் சக்கையில்தான் தாள் செய்கிறது. நல்ல ஆலையாக இருந்தால், கிணற்று மோட்டார் தின்ற மின்சாரத்தில் பெரும்பங்கைச் சக்கை திருப்பித் தந்துவிடும். மக்காச்சோளத்தில் எத்தனால் எடுப்பவர்களுக்கு இந்த வசதி இல்லை. அதனால்தான் கரும்பு எத்தனாலுக்கு உலக அளவில் நல்ல பெயர்.

சரி, புகைக் கணக்கு அப்படி இப்படி இழுத்தால் நேராகிவிடும் என்றே வைத்துக்கொள்வோம். தண்ணீர்க் கணக்குக்குச் சக்கை எந்தப் பதிலும் தராது. என் கவலை அங்கேதான்.

மத்திய அரசின் கொள்கைக் குழுவான நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட எத்தனால் திட்ட அறிக்கையிலேயே ஒரு எண் இருக்கிறது: கரும்பிலிருந்து ஒரு லிட்டர் எத்தனால் எடுக்கச் சுமார் 2,860 லிட்டர் தண்ணீர். மாமாவின் வயலில் சரிபார்த்தேன். மழையும் பாசனமும் சேர்த்து 2,000 மில்லிமீட்டர் என்றால், ஒரு ஏக்கருக்கு 80 லட்சம் லிட்டர். அதை 2,800 லிட்டர் எத்தனாலால் வகுத்தால் கிட்டத்தட்ட அதே எண் வருகிறது. ஸ்கூட்டரில் ஐந்து லிட்டர் பெட்ரோல் போட்டால் அதில் ஒரு லிட்டர் எத்தனால். அது கரும்புச்சாற்றில் வந்ததாக இருந்தால், மொட்டைமாடியில் வைக்கும் ஆயிரம் லிட்டர் தொட்டி மூன்றைக் காலிசெய்துதான் அந்த ஒரு லிட்டர் வந்திருக்கிறது.

இந்த இடத்தில் எல்லோரும் பிரேசிலைக் காட்டுவார்கள். 1975இல் தொடங்கிய அவர்களின் எத்தனால் திட்டம் உலகத்துக்கே முன்மாதிரிதான். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2010இல் பிரேசில் கரும்பு எத்தனாலை ஆராய்ந்து, பெட்ரோலைவிட 61 சதவீதம் குறைவான வெப்பவாயு என்று முடிவுசெய்தது. அந்த 61 நம் ஊர்ப் பேச்சிலும் அடிக்கடி வருகிறது. ஆனால் பிரேசிலின் கரும்பில் பெரும்பகுதி விளையும் சாவ் பாவ்லோ பக்கத்தில் வருடத்துக்கு 1,300 மில்லிமீட்டருக்கு மேல் மழை, அதுவும் கரும்பு வளரும் மாதங்களில் பரவலாகப் பெய்கிறது. அங்கே பெரும்பாலும் மானாவாரிக் கரும்பு. மோட்டாரும் கிடையாது, மடையும் கிடையாது. நமக்கு வருடத்துக்குச் சராசரியாக 800 மில்லிமீட்டர் அளவில் மழை, அதிலும் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். அந்த மழையை நம்பி இங்கே கரும்பு நட முடியாது. பிரேசிலின் கரும்பும் நம் கரும்பும் ஒரே புல்தான், ஆனால் அவர்களுடைய 61ஐ நம் எத்தனாலுக்குப் போட முடியாது.

கிணற்றை விட்டு ஆற்றுக்கு வருவோம். தாமிரபரணிப் பாசனத்தில் மோட்டார் வேண்டாம், தண்ணீர் தானாக இறங்கி வரும். கோடைமேலழகியானில் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள், சுமார் 86,000 ஏக்கர் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம். மோட்டாருக்கு எழுதிய ஒன்றே முக்கால் டன் இங்கே மிச்சம். அப்படியானால் ஆற்றுப் பாசனத்தில் எரிபொருள் கரும்பு போடலாமே என்று தோன்றும். எனக்கும் முதலில் தோன்றியது.

ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். கரும்பைத் தண்ணீர்க் குடியன் என்று திட்டுபவர்கள், பக்கத்து வயலில் கார், பிசானம் என்ற இரண்டு போக நெல்லும் சேர்ந்து எவ்வளவு குடிக்கின்றன என்று பார்ப்பதில்லை. ஒரு போக நெல்லுக்கே 1,200 மில்லிமீட்டர் அளவில் வேண்டும். இரண்டு போகம் சேர்ந்தால் கரும்பை மிஞ்சும். கல்லிடைக்குறிச்சியிலும் வீரவநல்லூரிலும் கரும்பு போடுபவர்கள் இதை விடாமல் சொல்வார்கள், சரியாகத்தான் சொல்கிறார்கள். அதோடு நெல்வயலில் தேங்கும் தண்ணீர் மீத்தேனையும் விடுகிறது.

வித்தியாசம் அளவில் இல்லை, மாதத்தில் இருக்கிறது. கார் சாகுபடிக்கு ஜூன் முதல் தேதியை ஒட்டித் தண்ணீர் திறப்பார்கள், பிசானம் பங்குனி நடுவில் முடிந்துவிடும். அதற்கப்புறம் கால்வாய் காய வேண்டும், ஆறு ஓய வேண்டும். சித்திரை வைகாசியில் பாபநாசம் அணையில் கிடக்கும் தண்ணீர் குடிநீருக்கானது. திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி மட்டுமா, விருதுநகர் மாவட்டத்து ஊர்களும் இந்த ஆற்றில்தான் குடிக்கின்றன. போதாததற்குத் தூத்துக்குடியின் ஆலைகளும் ஸ்ரீவைகுண்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. நெல் அந்த இரண்டு மாதமும் வயலில் இருக்காது. கரும்பு இருக்கும். பத்து பன்னிரண்டு மாதப் பயிருக்குக் கோடையில் லீவு விட முடியாது. அந்த வெயிலில்தான் அதற்குத் தாகமும் அதிகம். சேரன்மகாதேவியிலிருந்து ஏரல் வரை நெல்லை விரட்டிவிட்டு நிற்கும் வாழைக்கும் இதே குணம்தான். ஏற்கெனவே வாழை கோடைத் தண்ணீரைக் கேட்டு நிற்கும் ஆயக்கட்டில், எரிபொருளுக்கென்று கரும்பும் வந்து வரிசையில் நின்றால் கடைமடைக்கு என்ன போகும்?

எண்ணாகவே பார்க்கலாம். மழை போக ஏக்கருக்கு 60 லட்சம் லிட்டர் பாசனம் என்று வைத்தால், 10,000 ஏக்கருக்கு 2,100 மில்லியன் கன அடி தண்ணீர் வேண்டும். பாபநாசம் அணை நிரம்பி வழிந்தால் 5,500 மில்லியன் கன அடி. அணையில் ஐந்தில் இரண்டு பங்கு போய்விடும். வயலில் இறங்கியதில் ஒரு பகுதி கசிந்து மறுபடி ஆற்றுக்கே வரும், கீழே உள்ளவர்கள் அதைப் பிடித்துக்கொள்வார்கள் என்பதும் உண்மை. அதைக் கழித்தாலும் மிச்சம் சிறியதல்ல. கிடைப்பது 2.8 கோடி லிட்டர் எத்தனால். 20 சதவீதக் கலப்புக்கு நாடு முழுவதற்கும் வருடத்துக்கு 1,000 கோடி லிட்டருக்கு மேல் வேண்டும் என்று அதே நிதி ஆயோக் அறிக்கை சொல்கிறது. 86,000 ஏக்கரையும், ஒரு கதிர் நெல் விடாமல், ஒரு வாழை விடாமல், கரும்பாக மாற்றினாலும் வருவது 24 கோடி லிட்டர். நூற்றில் இரண்டரைகூட இல்லை. அம்பை 16 நெல் ரகம் பிறந்த மண்ணை, அவ்வளவு பழமையான பாசனத்தை, அந்த இரண்டரைக்காகக் கொடுப்பதை என்னால் யோசித்துப் பார்க்கவே முடியவில்லை.

அப்படியானால் கரும்பு எத்தனாலே வேண்டாமா? வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எத்தனாலில் வகை இருக்கிறது, அந்த வகைப் பிரிப்பு பொதுப் பேச்சுக்கு வருவதில்லை. சர்க்கரையை முடிந்த மட்டும் எடுத்த பிறகு மிஞ்சும் கறுப்புக் குழம்புதான் மொலாசஸ், கழிவுப்பாகு. ஆலைக்காரர்கள் இதை சி ஹெவி என்பார்கள். ஒரு டன் கரும்புக்கு 45 கிலோ அளவில் வரும், அதிலிருந்து சுமார் பத்து லிட்டர் எத்தனால். இந்தப் பத்து லிட்டருக்காகப் புதிதாக ஒரு சென்ட் நிலம் வேண்டாம், ஒரு தண்ணீர் கூட வேண்டாம். சர்க்கரைக்காக ஏற்கெனவே நட்ட கரும்பின் மிச்சம் அது. கொஞ்சம் சர்க்கரையைப் பாகிலேயே விட்டுவைத்தால் பி ஹெவி, எத்தனால் கூடும், சர்க்கரை குறையும். மூன்றாவது, சர்க்கரையே எடுக்காமல் சாற்றை நேராகப் புளிக்கவைப்பது. 70 லிட்டர் என்றது இந்த வகை. மேலே பார்த்த தண்ணீர்க் கணக்கு முழுசாகப் பொருந்துவதும் இதற்குத்தான்.

2024-25 விநியோக ஆண்டுக்கு அரசு வைத்த விலை: சி ஹெவி எத்தனாலுக்கு லிட்டருக்கு 57.97 ரூபாய், பி ஹெவிக்கு 60.73, சாற்று எத்தனாலுக்கு 65.61. சாற்றுக்குப் போனால் ஆலை சர்க்கரையை இழக்கிறது, அதை ஈடுசெய்யத்தான் இந்த ஏற்றம். ஆனால் தண்ணீரின் பக்கமிருந்து பார்த்தால் வரிசை தலைகீழாக இருக்கிறது. மிச்சத்திலிருந்து எடுப்பதற்குக் குறைந்த விலை, ஆற்றைக் குடித்து எடுப்பதற்கு அதிக விலை. இப்படி ஒரு விலைப்பட்டியல் வருடாவருடம் இருந்தால் ஆலைகள் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு வானமே ஒருமுறை பதில் சொல்லியிருக்கிறது. 2023இல் மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும் மழை குறைந்து கரும்பு சுருங்கியது. அந்த டிசம்பரில் மத்திய அரசே சாற்றிலிருந்து எத்தனால் எடுக்கத் தடைபோட்டு, அப்புறம் வரம்புக்குள் கொஞ்சம் தளர்த்தி, 2024 ஆகஸ்டில்தான் முழுக்க விலக்கியது. அந்த வருட எத்தனாலில் கரும்பை மக்காச்சோளம் முந்திக்கொண்டது. தமிழ்நாட்டுக்கு இது புதிதல்ல. 2016இல் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தபோது கரும்பு காய்ந்தது, ஆலைகள் அரவையில்லாமல் நின்றன, கரும்புப் பரப்பு சுருங்கியது. மழை பொய்க்கும் வருடத்தில் நின்றுபோகும் எரிபொருளைக் காலநிலை மாற்றத்துக்கு மருந்தாக நம்புவது எனக்குச் சரியாகப் படவில்லை. காலநிலை மாறினால் முதலில் மாறுவது மழைதானே.

கழிவைப் பற்றியும் ஒரு வார்த்தை. எத்தனால் வடித்த பின் மிஞ்சும் செம்பழுப்பு நீரை ஆலையில் ஸ்பென்ட் வாஷ் என்பார்கள். ஒரு லிட்டர் எத்தனாலுக்கு எட்டு முதல் பதினைந்து லிட்டர் வரை வரும். பத்து என்று வைத்தாலும் மாமாவின் ஏக்கருக்கு 28,000 லிட்டர். இது ஆற்றில் கலந்தால் தண்ணீரில் உள்ள ஆக்சிஜனை உறிஞ்சிவிடும், மீன் மிதக்கும். சொட்டுக்கூட வெளியே விடக்கூடாது என்று விதி இருக்கிறது. சாண எரிவாயு போலப் புளிக்கவைத்து வாயு எடுக்கலாம், வற்றவைத்துக் கொதிகலனில் எரிக்கலாம், சாம்பலில் இருக்கும் சாம்பல்சத்தை வயலுக்கே திருப்பலாம். வழி தெரியாத பிரச்சினை இல்லை இது. விதியை இரவிலும் யாராவது பார்த்துக்கொண்டிருக்கிறார்களா என்பதுதான் கேள்வி.

சோகை, அதாவது கரும்பின் காய்ந்த இலை, விஷயத்தில் நாமே செய்யக்கூடியது அதிகம். வெட்டு முடிந்த மறுநாள் இரவு சிவகிரிப் பக்கம் நின்று பார்த்தால் தெரியும், வயல் வயலாகச் சோகை எரியும். காலையில் கொடியில் காயும் வேட்டியில் கரும்பூச்சி போல மெலிந்த கரி இழைகள் ஒட்டிக் கிடக்கும், தட்டினால் கோடாக இழுத்துக்கொள்ளும். ஏக்கருக்கு நான்கு டன் வரை சோகை கிடைக்கும். அதை மறுதாம்புக் கரும்பின் (வெட்டிய கட்டையிலிருந்து மறுபடி துளிர்ப்பது) பார்களுக்கு நடுவே பரப்பினால் ஈரம் காயாது, களை வராது, மக்கி உரமாகும். முப்பதில் நாலைந்து தண்ணீர் அதிலேயே மிஞ்சும் என்பது மாமாவின் பக்கத்து வயல்காரர் சொல்லும் கணக்கு. மாமா எரிப்பவர்தான். வெட்டு ஆள் கிடைப்பதே பெரும்பாடாக இருக்கும்போது சோகை பரப்ப யார் வருவார்கள் என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்வி. ஏக்கருக்கு இவ்வளவு கூலி என்று ஆலையோ அரசோ கொடுத்தால் ஒழிய இது மாறாது.

குழித்தட்டு நாற்று, ஐந்தடிப் பார், சொட்டுநீர் என்று நீடித்த நவீன கரும்பு சாகுபடி வந்து பதினைந்து வருடம் ஆகப்போகிறது. ஏக்கருக்கு முப்பதாயிரம் இருபருக் கரணை (இரண்டு முளை உள்ள கரும்புத் துண்டு) பதித்த இடத்தில் ஐயாயிரம் நாற்று போதும், தண்ணீரும் மூன்றில் ஒரு பங்கு வரை மிஞ்சும். சொட்டுநீருக்குச் சிறு, குறு விவசாயிக்கு முழு மானியம். இதெல்லாம் நடக்க வேண்டும். ஆனால் ஒரு எச்சரிக்கை: மிஞ்சிய தண்ணீர் கிணற்றில் தங்குவதில்லை. பெரும்பாலும் பக்கத்து அரை ஏக்கருக்குக் கரும்பாகப் போய்விடுகிறது.

இதையெல்லாம் சொல்லும்போது விவசாயியின் பக்கத்தை மறந்துவிடக் கூடாது. சர்க்கரை விற்றுப் பணம் வரும்வரை ஆலை கரும்புக்காரரைக் காக்கவைப்பது தமிழ்நாட்டின் நெடுங்கதை. எண்ணெய் நிறுவனங்கள் எத்தனாலுக்கு மூன்று வாரத்தில் பணம் தருகின்றன. அந்தப் பணம் ஆலை வழியாகக் கரும்புக்காரருக்குச் சீக்கிரம் இறங்கினால், அதுவே எத்தனாலுக்கு ஆதரவான பெரிய வாதம். மொலாசஸ் எத்தனாலே இந்த வேலையைச் செய்ய முடியும். அதற்காகச் சாற்றுக்குப் போகவும் வேண்டாம், ஆயக்கட்டில் புதிதாகக் கரும்பு ஏற்றவும் வேண்டாம்.

எரிபொருளுக்கென்றே பயிர் வேண்டும் என்றால், சங்கரன்கோவில், கயத்தாறு கரிசலில் மானாவாரியாக நிற்கும் மக்காச்சோளம் இருக்கிறது. ஏக்கருக்கு எத்தனால் குறைவு, நாமக்கல் கோழிகளோடு போட்டி வேறு, ஆனால் ஐப்பசி மழை போதும். அதைவிட எனக்கு யோசனை வேறு பக்கம் போகிறது. ராதாபுரம், பணகுடி வழியாகப் போகும்போது காற்றாலைகளுக்கு நடுவே கிடக்கும் வறண்ட காட்டைப் பார்த்திருப்பீர்கள். ஒரு மெகாவாட் சூரிய மின்சாரத்துக்கு நாலைந்து ஏக்கர் வேண்டும், வருடத்துக்குப் பதினைந்து லட்சம் யூனிட் தரும். ஏக்கருக்குக் குறைந்தது மூன்று லட்சம். ஒரு மின்சார ஸ்கூட்டர் நூறு கிலோமீட்டருக்குச் சுமார் மூன்று யூனிட் எடுக்கும். அப்படியானால் அந்தக் காட்டு ஏக்கர் ஒரு கோடி கிலோமீட்டர் ஓட்டும். மாமாவின் கரும்பு ஏக்கர் தரும் எத்தனாலோ, லிட்டருக்கு 45 கிலோமீட்டர் தரும் வண்டியில் எண்பத்து மூவாயிரம் கிலோமீட்டர். நூறு மடங்குக்கும் மேல் வித்தியாசம், தகட்டைக் கழுவ மட்டும் தண்ணீர். எல்லா வண்டியும் நாளைக்கே மின்சாரத்துக்கு மாறாது, பெட்ரோல் காருக்கும் பழைய பைக்குக்கும் எத்தனால் இன்னும் சில காலம் வேண்டும். அந்தச் சில காலத்துக்கு மொலாசஸ் இருக்கிறது.

இந்தக் கணக்கை எல்லாம் மாமாவிடம் சொன்னேன். மூன்றாம் மறுதாம்பு விடுவதா, உழுதுபோட்டு உளுந்து விதைப்பதா என்று அப்போது யோசித்துக்கொண்டிருந்தார். பதில் ஒன்றும் சொல்லவில்லை. ஆவணியில் மறுபடி போனபோது மோட்டார் ரூம் சுவரில் புதிதாக ஒரு நாள்காட்டி தொங்கியது. மோட்டார் ஓடிய ஒவ்வொரு தேதிக்கும் பக்கத்தில் பென்சிலில் ஓடிய மணி. வைகாசித் தாளில் வாரம் தவறாமல் ஏழு, எட்டு என்று இருந்தது. ஆடியில் சாரல் அடித்த வாரங்களில் கட்டங்கள் காலியாக இருந்தன. அந்தக் காலிக் கட்டங்களை விரலால் எண்ணிக் காட்டி, "இது மூணு தண்ணி மருமவனே" என்றார்.